ஒரு ஜாஸ் டிரம்மரின் வாழ்க்கையை நினைவுகூர்ந்து எழுதுவது எப்படி: எட் பிளாக்வெல்லை முன்வைத்து

இசைக்கலைஞர் ஒருவர் மறைந்த செய்தி வந்தவுடனோ, அவருடைய பிறந்தநாள் நெருங்கும்போதோ, அவரைப் பற்றி நான்கு பக்கம் எழுதவும் நண்பர்கள் கூடும் இடத்தில் அவருடைய பதிவுகளைப் போட்டுக் காட்டவும் நம்மில் சிலருக்கு ஆசை எழுகிறது. பாடகரோ சாக்சஃபோன் கலைஞரோ என்றால் எழுத்து தானாகவே நகர்ந்துவிடும். கேட்பவர் மனத்தில் நிற்கும் மெட்டு அவருடையது என்பதால் அதைப் பிடித்துக்கொண்டே வாழ்க்கையைச் சொல்லிவிடலாம். டிரம்மர் என்று வரும்போதுதான் கட்டுரை தடுமாறுகிறது. அவர் யார் யாருடன் வாசித்தார் என்ற பெயர்ப் பட்டியலாக அது தொடங்கி, பட்டியலாகவே முடிந்துவிடுகிறது. நான் எழுதிய முதல் அஞ்சலிக் கட்டுரையும் அப்படிப்பட்டதுதான். அதைப் படித்துவிட்டு மிருதங்கம் பயின்ற நண்பர் ஒருவர், “எல்லாம் சரி, அவர் எப்படி வாசிப்பார்?” என்று கேட்டார். கட்டுரையை மீண்டும் புரட்டிப் பார்த்தேன். அந்தக் கேள்விக்கு விடையாக அதில் ஒரு வரிகூட இல்லை.

அதற்குப் பிறகு நான் கைக்கொண்ட முறையை, நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1929 அக்டோபர் 10 அன்று பிறந்து 1992 அக்டோபரில் மறைந்த எட் பிளாக்வெல் என்ற டிரம்மரை எடுத்துக்காட்டாக வைத்துச் சொல்கிறேன். வேறு எந்த டிரம்மரை எடுத்துக்கொண்டாலும் வேலையின் வரிசை இதுவேதான்: முதலில் கை என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும், அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும், ஆண்டுகளையும் பெயர்களையும் அதன் பிறகே சேர்க்க வேண்டும்.

கேட்கும் வேலை

வாழ்க்கைக் குறிப்பைப் படிப்பதற்கு முன்பே பதிவுகளைக் கேட்டுவிடுங்கள். முன்கூட்டியே படித்துவிட்டால், “ஆப்பிரிக்கத் தாளமும் நியூ ஆர்லியன்ஸ் ஊர்வல நடையும் கலந்த வாசிப்பு” என்று பிறர் எழுதி வைத்த வாக்கியம் காதுக்குள் புகுந்துகொள்ளும். பிறகு நீங்கள் கேட்பது பதிவையா அந்த வாக்கியத்தையா என்று உங்களுக்கே தெரியாது. நான்கைந்து பதிவுகளுக்கு மேல் வேண்டியதில்லை. ஒரே பதிவைப் பத்து முறை கேட்பது, பத்துப் பதிவுகளை ஒருமுறை கேட்பதைவிடப் பயன் தரும்.

டிரம் செட்டில் நான்கு உறுப்புகள் நான்கு வேலைகளைச் செய்கின்றன. பொதுவாக வலது கை, தாங்கியில் பொருத்தப்பட்ட ரைடு சிம்பல் என்னும் உலோகத் தட்டில் ஓட்டத்தைக் காக்கிறது. இடது கை ஸ்நேர் டிரம்மில் இடையிடையே பேசுகிறது. வலது கால் பேஸ் டிரம்மின் மிதியையும், இடது கால் ஹை-ஹேட் என்னும் இரட்டைத் தட்டின் மிதியையும் இயக்குகின்றன. ஒரு பதிவை நான்கு முறை ஓடவிட்டு, ஒவ்வொரு முறையும் ஓர் உறுப்பை மட்டும் பின்தொடருங்கள். முதல் நாளில் இது எரிச்சலூட்டும். பேஸ் டிரம் காதில் விழவே விழாது. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் அது விழாததில் வியப்பும் இல்லை, ஏனெனில் அவ்வளவு தாழ்ந்த ஒலியை அது வெளியிடுவதில்லை. ஓரளவு நல்ல காதொலிப்பான் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

பிளாக்வெல்லைப் பொறுத்தவரை, அவரைத் தனியே பிரித்துக் கேட்க வாய்ப்புத் தரும் பதிவு ஒன்று இருக்கிறது. 1960 டிசம்பர் 21 அன்று சாக்சஃபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன், நால்வர் கொண்ட இரண்டு குழுக்களை ஒரே நேரத்தில் வாசிக்கச் செய்து, ஒரு குழுவை ஸ்டீரியோவின் இடப்பக்கத்திலும் மற்றதை வலப்பக்கத்திலும் வைத்து, ஏறத்தாழ 37 நிமிடம் ஓடும் ‘ஃப்ரீ ஜாஸ்’ என்ற பதிவை உருவாக்கினார். இடப்பக்கத்தில் டிரம்மர் பில்லி ஹிக்கின்ஸ், வலப்பக்கத்தில் பிளாக்வெல். காதொலிப்பானின் வலப்பகுதியை மட்டும் மாட்டிக்கொண்டு முழுப் பதிவையும் கேளுங்கள். மறுநாள் இடப்பகுதியை மட்டும் மாட்டிக்கொண்டு கேளுங்கள். இருவரும் ஒரே இசைக்குத்தான் வாசிக்கிறார்கள். ஆனாலும் ஹிக்கின்ஸின் வாசிப்பு சிம்பலின் மீது மிதந்து செல்வதாகவும், பிளாக்வெல்லின் வாசிப்பு தோல் முகங்களில் ஊன்றி நடப்பதாகவும் எனக்குக் கேட்கிறது. உங்களுக்கு வேறு விதமாகக் கேட்கலாம். கேட்டதை நிமிடக் கணக்கோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். “14ஆம் நிமிடத்தில் ஸ்நேரை விட்டுவிட்டு டாம்களுக்கு (செட்டில் உள்ள மற்ற முழவுகளுக்கு)ப் போகிறார்” என்பது போன்ற உலர்ந்த குறிப்புகளே பின்னால் கட்டுரைக்கு எலும்பாக நிற்கும். கைப்பேசியில் ஒலியை ஒற்றைத் தடமாக மாற்றும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் இந்தச் சோதனை பலிக்காது. முதலில் அதை அணைத்துவிடுங்கள்.

அடுத்து, 1961 ஜனவரி 31 அன்று அதே கோல்மனின் நால்வர் குழு பதிவு செய்த ‘டி அண்ட் டி’ என்ற சிறிய உருப்படியைக் கேளுங்கள். ஐந்து நிமிடம்கூட இல்லாத அதன் பெரும்பகுதியைப் பிளாக்வெல்லிடமே விட்டுவிட்டார்கள். ஆரவாரமான டிரம் சோலோவை எதிர்பார்ப்பவருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். வேகம் ஏறுவதில்லை, சிம்பல்கள் வெடிப்பதில்லை. சுருதி கூட்டிய டாம்களில் ஒரு சிறு சொற்றொடரைச் சொல்லி, அதையே திருப்பிச் சொல்லி, ஒரு அசையை மாற்றி மீண்டும் சொல்கிறார். வாயால் முணுமுணுக்கக்கூடிய டிரம் வாசிப்பு அது. என்னைக் கேட்டால், அவருடைய வாழ்க்கையைச் சொல்லத் தொடங்க வேண்டிய இடம் இதுதான். பிறந்த ஊரும் தேதியும் இரண்டாம் பத்தியில் வரட்டும்.

அந்தக் கை எங்கிருந்து வந்தது

காது கண்டுபிடித்ததற்குக் காரணம் தேடும்போதுதான் ஊரும் காலமும் தேவைப்படுகின்றன. டிரம் செட் என்பது வெகு பழைய கருவி அன்று. ஊர்வல பேண்டுகளில் பேஸ் டிரம்மை ஒருவரும் ஸ்நேரை மற்றொருவரும் சுமந்து வாசித்தனர். காலால் மிதித்து பேஸ் டிரம்மை அடிக்கும் கருவி செம்மை பெற்று, 1909இல் லட்விக் நிறுவனத்தின் மிதி சந்தைக்கு வந்த காலத்தை ஒட்டியே, அந்த இருவரின் வேலையையும் அமர்ந்த இடத்திலிருந்து ஒருவரே செய்வது எளிதாயிற்று. ஆகவே டிரம் செட்டின் உள்ளே ஓர் ஊர்வலம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்வது வெறும் அலங்காரம் ஆகாது.

நியூ ஆர்லியன்ஸில் அந்த ஊர்வலம் இன்றும் தெருவில் நடக்கிறது. சவ ஊர்வலத்தில் கல்லறைக்குப் போகும்போது பேண்டு மெதுவான துதிப்பாடல்களை வாசிக்கிறது. அடக்கம் முடிந்து திரும்பும்போது நடை மாறி, துள்ளலான இசை எழுகிறது. பேண்டும் சங்கத்தாரும் குடும்பத்தாரும் முதல் வரிசை. அவர்களுக்குப் பின்னால் ஆடிக்கொண்டு வரும் ஊர் மக்கள் ‘செகண்ட் லைன்’, அதாவது இரண்டாம் வரிசை. அந்த மக்களை ஆட வைக்கும் தாளத்திற்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. சாவு வீட்டிலிருந்து பறை முழங்க ஊர்வலம் புறப்படுவதைக் கண்டு வளர்ந்த நமக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டும் ஒன்றே என்று எழுதிவிடவும் கூடாது. பறையைச் சுற்றியுள்ள சாதி வரலாறு வேறு, அடிமை முறையிலிருந்து வந்த மக்களின் இந்த இசை வரலாறு வேறு. அதே நகரின் காங்கோ சதுக்கத்தில், அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி முழவு அடித்து ஆடிய வரலாற்றை இந்த இடத்தில் ஓரிரு வரிகளில் குறிப்பிடலாம். பக்கம் பக்கமாக எழுதத் தொடங்கினால் பிளாக்வெல் காணாமல் போய்விடுவார்.

இப்போது ‘டி அண்ட் டி’யை மீண்டும் கேளுங்கள். டாம்களில் அவர் சொல்லும் சொற்றொடரின் கீழே தெரு நடை இருப்பது புலப்படும். காதில் விழுந்ததும் ஊரைப் பற்றித் தெரிந்துகொண்டதும் சந்திக்கும் இந்த இடத்தை எழுதிவிட்டால் கட்டுரையின் பாதி முடிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. “ஆப்பிரிக்காவின் இதயத்துடிப்பு அவர் இரத்தத்தில் ஓடியது” என்ற வகையில் எழுதாதீர்கள். அந்தத் தாளங்கள் இரத்தத்தில் வரவில்லை, அவர் கற்றுக்கொண்டார். 1967இல் பியானோ கலைஞர் ராண்டி வெஸ்டனின் குழுவில் சேர்ந்து, அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஆதரவில் நிகழ்ந்த நீண்ட பயணத்தில் மேற்கு ஆப்பிரிக்க, வட ஆப்பிரிக்க நாடுகளில் வாசித்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அவர் பங்குபெற்ற ‘ஓல்டு அண்ட் நியூ டிரீம்ஸ்’ குழு வெளியிட்ட இசைத்தட்டில் ‘டோகோ’ என்ற அவருடைய உருப்படி இடம்பெற்றது. பயணம் நடந்த ஆண்டையும் உருப்படி வந்த ஆண்டையும் அடுத்தடுத்து வைத்தாலே போதும். உழைத்துக் கற்றதை வாசகர் தாமே காண்பார்.

தேதிகளைக் கையாளும் விதம்

ஜாஸ் வரலாற்றில் தேதி என்பது வழுக்கும் தரை. பதிவு செய்த நாள் ஒன்று, இசைத்தட்டு கடைக்கு வந்த ஆண்டு மற்றொன்று. சாக்சஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனும் டிரம்பெட் கலைஞர் டான் செர்ரியும் சேர்ந்து செய்த ‘தி அவாண்ட்-கார்ட்’ பதிவில் டிரம்ஸ் வாசித்தவர் பிளாக்வெல். அது 1960இன் கோடையில் பதிவாகி 1966இல்தான் வெளியாயிற்று. வெளியான ஆண்டை வைத்து வரிசைப்படுத்தினால், கோல்மனிடம் பெயர் பெற்ற பிறகு, ஆறு ஆண்டுகள் கழித்துக் கோல்ட்ரேனிடம் போனதாகக் கதை மாறிவிடும். உண்மையில் இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தவை. எனவே குறிப்பேட்டில் இரண்டு நெடுவரிசைகள் போட்டு, பதிவு நாளை ஒன்றிலும் வெளியீட்டு ஆண்டை மற்றொன்றிலும் எழுதி, கட்டுரையைப் பதிவு நாளின்படியே நடத்துங்கள்.

தேதியோடு காரணத்தையும் கேளுங்கள். “1960இல் கோல்மனின் குழுவில் ஹிக்கின்ஸின் இடத்தில் பிளாக்வெல் வந்தார்” என்ற செய்தி எல்லாக் குறிப்புகளிலும் இருக்கும். ஏன் வந்தார்? அந்தக் காலத்து நியூயார்க்கில் மது விற்கும் இரவு விடுதிகளில் வாசிப்பவர்கள் காவல்துறை வழங்கும் ‘காபரே அட்டை’யை வைத்திருக்க வேண்டும், அட்டை பறிக்கப்பட்டால் நகரின் விடுதிகளில் வேலை இல்லை. தெலோனியஸ் மங்க், பில்லி ஹாலிடே போன்ற பெருங்கலைஞர்களும் அப்படி ஆண்டுக்கணக்கில் விடுதி மேடைகளை இழந்தவர்கள். 1967இல்தான் அந்த முறை ஒழிந்தது. ஹிக்கின்ஸுக்கு அட்டை இல்லாமற்போனது. 1950களின் முற்பாதியில் லாஸ் ஏஞ்சல்ஸில் கோல்மனோடு வாசித்துப் பழகி, அந்த இசையின் போக்கை அறிந்திருந்த பிளாக்வெல் நியூ ஆர்லியன்ஸிலிருந்து வரவழைக்கப்பட்டார். ஒரு கலைஞரின் வாழ்க்கையில் “வாய்ப்புக் கிடைத்தது” என்று நாம் எழுதும் இடத்தில், பெரும்பாலும் இன்னொருவரின் இழப்பு நின்றுகொண்டிருக்கும்; அதை மறைக்காமல் எழுதினால் கட்டுரையின் நம்பகம் கூடும்.

இடையில் எல்லிஸ் மர்சாலிஸ், ஆல்வின் பட்டிஸ்ட் ஆகியோருடன் நியூ ஆர்லியன்ஸில் அமைத்த குழு, ரே சார்ல்ஸுடன் சிறிது காலம் செய்த சுற்றுப்பயணம் போன்றவற்றை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடலாம். நானும் அப்படித்தான் கடக்கிறேன்.

நோயை எழுதுவது

பிளாக்வெல்லின் கடைசி இருபது ஆண்டுகளைச் சிறுநீரக நோயின்றிச் சொல்ல முடியாது. 1970களில் சிறுநீரகங்கள் செயலிழந்த பிறகு டயாலிசிஸ் அவருடைய வாழ்வின் ஒரு பகுதியாயிற்று. இந்தச் செய்தியைப் பரிதாபமாக எழுதுவது எளிது. எளிது என்பதனாலேயே தவிர்க்க வேண்டும். அதற்குப் பதிலாக, நோய் அவருடைய வேலையை எப்படி வடிவமைத்தது என்று கேளுங்கள். வாரத்தில் சில நாள்கள் இயந்திரத்தோடு பல மணி நேரம் இருக்க வேண்டிய ஒருவர் ஐரோப்பியச் சுற்றுப்பயணம் செல்வது என்றால், ஒவ்வொரு ஊரிலும் மேடைக்கு முன்பே மருத்துவமனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த நிலையிலும் டான் செர்ரி, டியூயி ரெட்மன், சார்லி ஹேடன் ஆகியோரோடு ‘ஓல்டு அண்ட் நியூ டிரீம்ஸ்’ குழுவில் 1976 முதல் பதிவுகள் செய்தார். 1982இல் செர்ரியும் அவரும் மட்டுமாக ‘எல் கொராஸோன்’ இசைத்தட்டைச் செய்தார்கள். இந்த ஆண்டுகளை மட்டும் வரிசையாக எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இங்கே இன்னொரு பொறியும் உண்டு. 1961 ஜூலை 16 அன்று நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் விடுதியில் சாக்சஃபோன் கலைஞர் எரிக் டால்ஃபியின் ஐவர் குழு வாசித்தது பதிவாகியிருக்கிறது, டிரம்ஸ் பிளாக்வெல். டிரம்பெட் வாசித்த புக்கர் லிட்டில் மூன்று மாதத்தில், 23 வயதில், சிறுநீரகக் கோளாறால் இறந்தார். டால்ஃபி 1964 ஜூனில் பெர்லினில் இறந்தபோது அவருக்கு வயது 36. பிளாக்வெல்லின் பிற்கால நோயையும் இதனோடு சேர்த்து, அந்த மேடையைச் சாவின் நிழல் சூழ்ந்திருந்ததாக எழுதக் கை துடிக்கும். எனக்கும் துடித்தது, ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அன்று இரவு அவர்கள் அறியாத ஒன்றை அந்த இசைக்குள் திணிப்பது நேர்மையாகாது. அந்தப் பதிவில் கேட்க வேண்டியது, பியானோ கலைஞர் மால் வால்ட்ரன் இயற்றிய ‘ஃபயர் வால்ட்ஸ்’ என்ற மூன்றெண்ணிக்கை உருப்படியில், அந்த மூன்றைப் பிளாக்வெல் எவ்வளவு வகையாகப் பங்கிட்டுக் கொடுக்கிறார் என்பதே. பியானோவின் சுருதி சற்றுக் கலைந்திருப்பதையும் குறிப்பிடலாம்; விடுதி வாசிப்பின் நிலை எப்படிப்பட்டது என்பதை அது ஒரு வரியில் சொல்லிவிடும்.

நமக்கு அருகில் வரும் இடம்

தமிழில் எழுதுகிறோம் என்பதற்காக எல்லாவற்றையும் தமிழ்நாட்டோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை. பிளாக்வெல்லின் வாழ்வில் உண்மையாகவே ஓர் அருகாமை உண்டு. 1970களில் அவர் கனெக்டிகட் மாநிலத்தின் மிடில்டவுனில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத் தொடங்கினார். இறுதிவரை அந்த இடத்தோடு தொடர்பில் இருந்தார். அதே பல்கலைக்கழகத்தில் 1963 முதற்கொண்டே மிருதங்கம் கற்பித்தவர் தஞ்சாவூர் ரங்கநாதன்: பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மாணவர், வீணை தனம்மாளின் பேரன், பாலசரஸ்வதியின் தம்பி. அவருடைய சகோதரர் புல்லாங்குழல் விஸ்வநாதனும் அங்கே கற்பித்தார். கானாவின் முழவுகளை ஆபிரகாம் அட்ஸென்யா கற்பித்தார். நியூ ஆர்லியன்ஸின் தெருத் தாளமும் புதுக்கோட்டை வழி மிருதங்கமும் கானாவின் முழவும் ஒரே வளாகத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த காலம் அது. இவ்வளவு சொன்னால் போதும். பிளாக்வெல்லும் ரங்கநாதனும் ஒருவரையொருவர் மாற்றினார்கள், ஒருவர் வாசிப்பில் மற்றவர் ஒலிக்கிறார் என்று ஆதாரமின்றி எழுதுவது, அழகாக இருந்தாலும், இட்டுக்கட்டுவதே.

சொற்களிலும் இதே கவனம் வேண்டும். டிரம் சோலோவைத் ‘தனி ஆவர்த்தனம்’ என்று எழுதினால் வாசகர் உடனே புரிந்துகொள்வார். ஆனால் கோர்வையும் தீர்மானமும் வரும் என்றும் எதிர்பார்ப்பார். ஜாஸில் பெரும்பாலும் 12 அல்லது 32 பார் (சம அளவுள்ள தாளப் பகுதி) கொண்ட பாட்டின் வடிவமே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. டிரம்மர் தனியே வாசிக்கும்போதும் அந்தச் சுற்றை மனத்துக்குள் பாடிக்கொண்டேயிருக்கிறார். கோல்மனின் இசையோ அந்தச் சுற்றையும் தளர்த்திவிட்டது. ஆகவே ‘தனி வாசிப்பு’ என்று பொதுவாக எழுதி, எது சுற்றுகிறது, எது சுற்றவில்லை என்று ஒரு வாக்கியம் சேர்ப்பதே நல்லது. ‘நடை’, ‘எடுப்பு’ போன்ற சொற்களை அவற்றின் இலக்கணப் பொருளை எண்ணாமல் இறைத்தால், கர்நாடக இசை தெரிந்தவர் முதல் பத்தியிலேயே முகம் சுளிப்பார். ‘லய மாமேதை’, ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ போன்றவற்றை அடித்துவிட்டு, அந்த இடத்தில் குறிப்பேட்டிலிருந்து ஒரு நிமிடக் குறிப்பை எடுத்து வையுங்கள்.

கூட்டமாகக் கேட்பதானால்

எழுதியதை வைத்து ஒரு மாலைக் கூட்டம் நடத்துவதானால், 75 நிமிடத்திற்கு மேல் நீட்டாதீர்கள். அதில் பேச்சு மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். ஒலிபெருக்கிகளை நன்றாகத் தள்ளி இருபுறமும் வைத்து, ‘ஃப்ரீ ஜாஸ்’ பதிவில் மூன்று நிமிடத்தை இரு பக்கமும் சேர்த்து, பிறகு வலப்பக்கம் மட்டும், பிறகு இடப்பக்கம் மட்டும் போட்டுக் காட்டுங்கள். இதுவரை டிரம்ஸைக் கவனித்தே கேட்காதவர்கள்கூட அந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். அடுத்து ‘டி அண்ட் டி’யை முழுமையாக. ‘ஃபயர் வால்ட்ஸ்’ நீளமானது. டிரம்பெட் நுழையும் இடத்திலிருந்து சிறு பகுதி போதும்.

கடைசியாக எதைப் போடுவது என்பதில்தான் அமைப்பாளர்கள் தவறுகிறார்கள். 1992 ஆகஸ்டில், மறைவதற்கு இரண்டு மாதம் முன்பு, கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் தம் பெயர் தாங்கிய குழுவோடு பிளாக்வெல் வாசித்தது பதிவாகி வெளிவந்திருக்கிறது. கடைசிப் பதிவு என்பதால் கடைசியில் போட்டு, கூட்டத்தைக் கண்கலங்க வைத்து அனுப்பும் ஆசை வரும். அதை நடுவில் போடுங்கள். நோயாளியின் வாசிப்பு என்று முன்னறிவிப்புச் செய்யாமல் போடுங்கள். முடிவில், 1969 ஆகஸ்டில் பாரிஸில் டான் செர்ரியும் அவரும் இருவர் மட்டுமாகச் செய்த ‘மு’ பதிவிலிருந்து பத்து நிமிடம் போடலாம். செர்ரி டிரம்பெட்டிலிருந்து புல்லாங்குழலுக்கும், அங்கிருந்து பியானோவுக்கும் தாவிக்கொண்டேயிருப்பார். மாறாமல் கூட இருப்பவர் டிரம்மர் ஒருவரே. வந்தவர்கள் கையில் கொடுக்கும் தாளில் ஒவ்வொரு பதிவுக்கும் நாள், ஊர், வாசித்தவர்கள் பெயர் ஆகியவற்றை அச்சிட்டு, டிரம்மரின் பெயரை வழக்கம்போலக் கடைசியில் போடாமல் முதலில் போடுங்கள்.